கடித்தாளா, விழுங்கினாளா?

பன்னிரண்டு செர்ரிப் பழங்களை எண்ணித்தான் தட்டில் வைத்தேன். அரை மணி நேரம் கழித்துத் தட்டை எடுக்கப் போனபோது ஒன்பது கொட்டைகள் மட்டும் கிடந்தன. மகளுக்கு நான்கு வயது. "மீதி மூன்று எங்கே?" என்று கேட்டேன். வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். அவள் முகத்தில் அச்சமில்லை, எதையோ சாதித்துவிட்ட பெருமைதான் இருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. செர்ரிக் கொட்டையில் சயனைடு இருக்கிறது என்று எப்போதோ படித்தது அந்த நொடியில் நினைவுக்கு வந்தது. அதன்பிறகு வேறெதுவும் நினைவில் நிற்கவில்லை. உடுத்திய உடையோடு அவளைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் ஓடினேன்.

அந்த மருத்துவர் முதலில் கேட்டது நஞ்சைப் பற்றி அல்ல, மூச்சைப் பற்றி. விழுங்கும்போது இருமினாளா, புரையேறியதா, குரல் மாறியிருக்கிறதா என்று விசாரித்துவிட்டு, நெஞ்சின் இரண்டு பக்கமும் ஸ்டெதஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டார். நான் பொறுக்க முடியாமல் "சயனைடு, டாக்டர்" என்று இடைமறித்தேன். அவர் மகளின் பக்கம் குனிந்து, "கொட்டையைக் கடித்தாயா கண்ணு, அப்படியே விழுங்கினாயா?" என்றார். "அப்படியே" என்றாள் அவள். "அப்படியானால் அது அப்படியே வெளியே வந்துவிடும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு அடுத்த குழந்தையைக் கூப்பிட்டார். இரண்டாம் நாள் இரண்டும் மூன்றாம் நாள் ஒன்றுமாக, கீறல்கூட இல்லாமல் வந்தன.

ஆனால் அந்தக் கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை. கடித்தாளா, விழுங்கினாளா? உலகத்தில் எந்தெந்தப் பழத்தின் விதை நஞ்சு, எது நஞ்சில்லை என்று இரண்டு பட்டியல்கள் இருப்பதாகவும், அவற்றை மனப்பாடம் செய்துவிட்டால் போதும் என்றும்தான் நான் அதுவரை எண்ணியிருந்தேன். மருத்துவர் பட்டியலைக் கேட்கவில்லை. பல்லைப் பற்றிக் கேட்டார். மறுநாள் காலை வழக்கம்போல மகளுக்குப் பழக்கூழ் அடிக்க ஆப்பிளை நான்காக வெட்டி, காம்பை மட்டும் கிள்ளியெறிந்துவிட்டு மிக்ஸியில் போட்டேன். மூடியை அழுத்தப் போன கை நின்றுவிட்டது. துண்டுகளின் நடுவில் விதைகள் பளபளவென்று இருந்தன. பழத்தின் எந்தப் பகுதியும் வீணாகக் கூடாது என்று பல மாதங்களாக நான் விதையோடுதான் அரைத்துக்கொண்டிருந்தேன். என் மகளின் வாயில் நடக்காததை ஒவ்வொரு காலையும் நானே மிக்ஸியில் நடத்தியிருக்கிறேன். முழுதாகப் போன மூன்று கொட்டைகளுக்காகத் தெருவில் ஓடிய அதே ஆள்தான்.

கொட்டை, விதை, பருப்பு, முத்து

இதை யோசித்துக்கொண்டிருந்தபோது நம் மொழி எனக்கு உதவியது. எல்லாவற்றையும் நாம் விதை என்று சொல்வதில்லை. மாம்பழத்துக்கும் பலாவுக்கும் செர்ரிக்கும் கொட்டை, ஆப்பிளுக்கும் தர்பூசணிக்கும் விதை, மாதுளைக்கு முத்து. கொட்டையை உடைத்தால் உள்ளே இருப்பது பருப்பு. செர்ரி, பிளம், பீச், ஆப்ரிகாட் ஆகியவற்றில் நாம் கொட்டை என்று துப்புவது உண்மையில் பழத்தின் உட்சுவர், அதாவது மரம்போல் இறுகிய ஓடு. தாவரவியல் விதை என்று கருதுவது அதற்குள் இருக்கும் பருப்பைத்தான். என் மகள் விழுங்கியது கொட்டை. நான் அஞ்சியது பருப்பில் உள்ளதை. இரண்டுக்கும் நடுவில் வயிற்று அமிலத்தால் எளிதில் கரைக்க முடியாத ஓர் ஓடு இருந்தது. ஆப்பிள் விதைக்கு அவ்வளவு கனமான ஓடு கிடையாது, ஆனாலும் அதன் பழுப்புத் தோல் உறுதியானது. முழுதாக விழுங்கினால் பெரும்பாலும் முழுதாகவே கடந்து போய்விடும்.

அந்தப் பருப்புகளுக்குள் சயனைடு சயனைடாகவே இருப்பதில்லை. இருந்தால் விதையே செத்துப்போயிருக்கும். அங்கே இருப்பது அமிக்டலின் என்ற பொருள்: இரண்டு சர்க்கரை மூலக்கூறுகளோடு பிணைத்துக் கட்டிவைக்கப்பட்ட ஒரு பொட்டலம். 1830-இல் ரோபிகே, பூத்ரோன்-ஷார்லார் என்ற இரண்டு பிரெஞ்சு வேதியியலாளர்கள் கசப்பு பாதாமிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்கள். பொட்டலத்தை அவிழ்க்கும் நொதியும் அதே விதையில்தான் இருக்கிறது, ஆனால் வேறு அறையில். விதை முழுதாக இருக்கும்வரை இரண்டும் சந்திப்பதில்லை. பல் பட்டாலோ பிளேடு பட்டாலோ சுவர் இடிந்து, ஈரத்தில் இரண்டும் கலக்கின்றன. சர்க்கரை கழன்று போக, மிஞ்சுவது பென்சால்டிஹைடும் ஹைட்ரஜன் சயனைடும். கசப்பு பாதாமின் அந்தத் தனித்த மணம் பென்சால்டிஹைடுடையது. பொட்டலம் அவிழ்ந்துவிட்டது என்பதற்கு அந்த மணமே அறிவிப்பு.

செடியின் பக்கம் நின்று பார்த்தால் இது நேர்த்தியான ஏற்பாடு. பழத்தின் இனிப்பும் நிறமும் விலங்கை அழைப்பதற்காக. விதையைச் சுமந்து தொலைவில் கொண்டுபோய்ப் போட அதற்கு ஒரு வயிறு வேண்டும். அதே சமயம் விதையை நொறுக்கும் பல் அதற்குப் பகை. ஆகவே விழுங்குகிறவனுக்கு விருந்து, நொறுக்குகிறவனுக்கு நஞ்சு. பழத்தோடு விதையை விழுங்கும் பறவை அந்த ஒப்பந்தத்தை மீறுவதில்லை. மிக்ஸி வைத்திருக்கும் நான் மீறினேன்.

இன்னொன்றையும் அன்று உணர்ந்தேன். கடித்திருந்தால்கூட என் மகள் துப்பியிருப்பாள், ஏனென்றால் அந்தப் பருப்பு கசக்கும். நாக்கு ஒரு காவல். மிக்ஸியில் போட்டு, பழத்தின் இனிப்பையும் பாலையும் சேர்த்துச் சுழற்றினால் அந்தக் காவலும் போய்விடுகிறது. பல்லின் வேலையை இயந்திரம் செய்கிறது, நாக்கின் வேலையை யாருமே செய்வதில்லை.

இரவில் போட்ட கணக்கு

அன்றிரவு தூக்கம் வரவில்லை. கடந்த மாதங்களில் அவளுக்கு நான் என்ன கொடுத்திருக்கிறேன் என்று தெரிந்தாக வேண்டியிருந்தது. ஒரு தாளை எடுத்து எழுதினேன். ஆப்பிள் விதை ஒரு கிராமில் அமிக்டலின் 1 முதல் 4 மில்லிகிராம் வரை இருப்பதாக அளந்திருக்கிறார்கள். மோசமான எண்ணையே எடுத்துக்கொண்டேன். ஒரு கிராம் அமிக்டலின் முழுவதும் உடைந்தால் அதிலிருந்து ஏறக்குறைய 59 மில்லிகிராம் சயனைடு வரும். ஒரு பழத்தில் எட்டு விதை, விதைக்கு ஒரு கிராமில் இருபதில் ஒரு பங்கு என்று வைத்தால் மொத்தம் 0.4 கிராம். அதில் அமிக்டலின் 1.6 மில்லிகிராம். அதிலிருந்து வரக்கூடிய சயனைடு 0.1 மில்லிகிராமுக்கும் சற்றுக் குறைவு.

அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று அறிய இன்னோர் எண் வேண்டும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இல் ஒரு வரம்பை நிர்ணயித்தது: ஒரே வேளையில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 20 மைக்ரோகிராம் சயனைடு. என் மகளின் எடை 15 கிலோ. அவளுக்கான வரம்பு 0.3 மில்லிகிராம். நான் ஒரு பழத்தோடு கொடுத்தது அதில் மூன்றில் ஒரு பங்கு. அழுகை வந்துவிட்டது, பெரும்பாலும் நிம்மதியால். அவளுக்கு எந்தத் தீங்கும் நேரவில்லை. உடலுக்குச் சிறு அளவு சயனைடைக் கையாளத் தெரியும். கல்லீரலில் உள்ள ரோடனேஸ் என்ற நொதி அதோடு கந்தகத்தைச் சேர்த்துத் தயோசயனேட்டாக மாற்ற, அது சிறுநீரில் போய்விடுகிறது. அந்த வேகத்துக்கு மேல் ஒரேயடியாக வந்து சேரும்போதுதான், சயனைடு உயிரணுக்களுக்குள் புகுந்து ஆக்சிஜனைப் பயன்படுத்தும் நொதியைப் பூட்டிவிடுகிறது. இரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் உடலால் அதைத் தொட முடியாத நிலை அது.

கணக்கு என்னைத் தேற்றியது, ஆனால் இன்னொரு உண்மையையும் காட்டியது. வரம்பு என்பது எடையோடு கட்டிய கயிறு. 60 கிலோ எடையுள்ள எனக்கு அது 1.2 மில்லிகிராம். பன்னிரண்டு பழங்களின் விதைகளையாவது மென்றால்தான் அங்கே போய்ச் சேருவேன். உயிருக்கு ஆபத்தாகும் அளவு இதற்கெல்லாம் வெகு தூரத்தில் இருக்கிறது. கிலோவுக்கு 0.5 மில்லிகிராமிலிருந்து தொடங்குகிறது என்பார்கள். அப்படிப் பார்த்தால் நூறு கிராமுக்கும் மேல் ஆப்பிள் விதையை நான் உட்கார்ந்து மெல்ல வேண்டும். ஆனால் 8 கிலோ எடையுள்ள கைக்குழந்தைக்கு இரண்டு பழத்தை விதையோடு அரைத்துக் கொடுத்தால் வரம்பைத் தாண்டிவிடும். ஒரே கிண்ணம், ஒரே பழம். குடிப்பவர் யார் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. "ஆப்பிள் விதை ஆபத்தா, இல்லையா?" என்று கேட்டுவிட்டு ஒற்றைச் சொல்லில் பதில் எதிர்பார்ப்பது எவ்வளவு பிழை என்று அந்தத் தாளைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். அப்படி ஒற்றைச் சொல்லில் பதில் தருபவர்கள் மீது அன்றிலிருந்து எனக்குக் கோபமும் உண்டு. பயமுறுத்துகிறவர்கள், ஒன்றுமே ஆகாது என்பவர்கள், இருவர் மீதும்தான்.

அஞ்ச வேண்டாதவை

பயந்த மனம் எல்லா விதையையும் பகையாகப் பார்க்கும். சில வாரங்கள் நான் அப்படித்தான் இருந்தேன். தர்பூசணியில் ஒவ்வொரு விதையாகக் கத்தி முனையால் தோண்டினேன். அது தேவையற்ற வேலை. தர்பூசணி விதையை மென்று தின்னலாம், அதில் புரதமும் மக்னீசியமும் இருக்கின்றன. மாதுளை முத்தைக் கடிக்கலாம், விழுங்கலாம். தக்காளி, வெள்ளரி, கிவி, அத்தி, கொய்யா ஆகியவற்றின் விதைகளைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஸ்ட்ராபெர்ரியின் மேலே ஒட்டியிருப்பவை விதைகளே அல்ல, அவை ஒவ்வொன்றும் ஒரு குட்டிப் பழம், விதை அதற்குள் இருக்கிறது. திராட்சை விதை துவர்க்கும், அவ்வளவுதான். ஆரஞ்சு, எலுமிச்சை விதைகள் கசப்பது லிமோனின் என்ற பொருளால். சாற்றில் தவறி இரண்டு விதை அரைபட்டால் சுவை கெடும், உடல் கெடாது. கசப்பு எப்போதும் சயனைடைக் குறிப்பதில்லை என்பதை நாக்குக்கு நானே சொல்லித்தர வேண்டியிருந்தது.

பப்பாளி விதையில் மட்டும் சற்று நின்றேன், ஏனென்றால் அங்கேயும் அதே இரண்டு அறை ஏற்பாடு. கடித்ததும் ஒரு நொதி இன்னொரு பொருளைச் சந்தித்து, கடுகின் காரத்துக்கு உறவான பென்சைல் ஐசோதயோசயனேட் உருவாகிறது. அதனால்தான் அந்த மிளகுபோன்ற எரிச்சல். சில விதைகளைக் கடிப்பதில் தீங்கில்லை. ஆனால் தினமும் கரண்டி கரண்டியாகப் பொடித்து உண்ணச் சொல்பவர்களின் பேச்சை நான் ஏற்கவில்லை. ஆண் விலங்குகளில் கருவுறுதிறனை அது குறைப்பதாக ஆய்வுகள் இருக்கின்றன. பலாக்கொட்டை வேறு வகை. பச்சையாக இருக்கும்போது புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்கள் அதில் உண்டு, வேகவைத்தால் அவை செயலிழந்துவிடும். அங்கே கேட்க வேண்டிய கேள்வி கடித்தாயா என்பதல்ல, வெந்ததா என்பதே.

விதை விழுங்கினால் குடல்வாலில் சிக்கிக்கொள்ளும் என்ற அச்சத்தோடு வளர்ந்தவர்கள் நம்மில் ஏராளம். அறுவை செய்து எடுக்கப்பட்ட 1,969 குடல்வால்களை ஆராய்ந்த ஓர் ஆய்வில் பழவிதை இருந்தது ஒன்றே ஒன்றில்தான். பெருங்குடலில் சிறு பைகள் உண்டானவர்களிடம் விதையையும் கொட்டைகளையும் தொடவே கூடாது என்று மருத்துவர்களே பல பத்தாண்டுகளாகச் சொல்லிவந்தார்கள். 2008-இல் வெளியான ஓர் ஆய்வு 47,000-க்கும் மேற்பட்ட ஆண்களைப் பதினெட்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில் அந்த அச்சத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஏற்றுக்கொள்ளப்பட்ட அறிவுரையை எடுத்து மறுபடி அளந்து பார்க்கிறவர்களிடம் எனக்குப் பெரும் மரியாதை உண்டு.

விழுங்கினாலும் தப்பில்லை என்பதும் தவறுதான்

மருத்துவரின் ஒரே கேள்வியை எல்லாப் பூட்டுக்கும் சாவியாக்கிக்கொள்ளும் ஆசை எனக்கு வந்தது. கடிக்காவிட்டால் பிழைத்தோம் என்று. ஆனால் அவர் கேட்ட முதல் கேள்வி வேறு, அதை நான் அப்போது காதிலேயே வாங்கவில்லை. இருமினாளா? சிறு குழந்தைகளுக்குப் பழவிதையால் வரும் பெரிய ஆபத்து வயிற்றில் இல்லை, மூச்சுக்குழாயில்தான். ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைகளின் மூச்சுக்குழாயில் சிக்கும் பொருள்களில் விதைகளும் பருப்புகளும்தான் முன்னணியில் நிற்கின்றன. வலப்பக்கக் கிளை அகலமாகவும் செங்குத்தாகவும் இருப்பதால் பெரும்பாலும் அங்கே போய் விழும். எக்ஸ்ரேயில் பல நேரம் தெரியாது. ஈரத்தில் ஊறிப் பருக்கும். முதல் இருமல் அடங்கியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று பெற்றோர் நினைப்பார்கள். சில நாள் கழித்துக் காய்ச்சலோடு வருவார்கள். குழாய் வழியே உள்நோக்கி எடுக்க வேண்டியிருக்கும். அவர் அவ்வளவு நேரம் ஸ்டெதஸ்கோப்பை வைத்து இரண்டு பக்கமும் கேட்டது இதற்காகத்தான். நான் அஞ்சிய சயனைடைவிட நான் அஞ்சாத சறுக்கல்தான் அன்று அவள் கடந்துவந்த ஆபத்து.

சப்போட்டா விதையின் நுனியில் ஒரு கொக்கி உண்டு. அதை விழுங்கினால் தொண்டையில் மாட்டலாம், அங்கே வேதியியலுக்கு வேலையே இல்லை. சப்பாத்திக்கள்ளிப் பழம் போன்றவற்றின் விதைகளைக் கைப்பிடி கைப்பிடியாக விழுங்குபவர்களுக்கு அவை மலக்குடலில் கெட்டிப்பட்டு அடைத்துக்கொண்டு, மயக்கம் கொடுத்து எடுக்க வேண்டிய நிலையும் வருகிறது. சீத்தாப்பழ விதை முழுதாகப் போனால் முழுதாக வரும். பொடித்தால் அதில் பூச்சிகளைக் கொல்லும் அளவுக்கு வீரியமான பொருள்கள் வெளிப்படும், அந்தப் பொடி கண்ணில் பட்டால் விழிவெண்படலம் புண்ணாகிவிடும்.

கடிப்பதா விழுங்குவதா என்ற கேள்விக்கே அடங்காதவையும் உண்டு. ஜமைக்காவின் அக்கீ பழத்தில் பளபளக்கும் கருப்பு விதை எப்போதுமே நஞ்சு. சதையும் பழம் தானாக வெடித்துப் பழுக்கும்வரை நஞ்சுதான். அதிலுள்ள ஹைப்போகிளைசின் உடல் தன் சேமிப்பிலிருந்து சர்க்கரையை உருவாக்கும் வழியை அடைத்துவிடும். அதற்கு உறவான பொருள் லிச்சியிலும் இருக்கிறது, விதையில் மட்டுமல்ல, சதையிலும். பீகாரின் முசாஃபர்பூரில் 2014-இல் நோயுற்ற குழந்தைகளை ஆராய்ந்து 2017-இல் வெளியான முடிவுகள், லிச்சி தின்றதோடு இரவு உணவு இல்லாமல் உறங்கியதும் சேர்ந்தபோது ஆபத்து பெருகியதைக் காட்டின. இதைப் படித்த அன்று வெகுநேரம் வேறெதையும் படிக்க முடியவில்லை. வயிறு நிறைந்த குழந்தைக்குப் பழமாக இருப்பது, பசித்த குழந்தைக்கு நஞ்சாகிறது. எந்தப் பட்டியலில் இதை எழுதுவது?

பெரியப்பாவின் கண்ணாடிக் குடுவை

செர்ரிக்குச் சில வாரங்களுக்குப் பிறகு பெரியப்பாவைப் பார்க்க மகளோடு போயிருந்தேன். அவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கட்டிலருகே மாத்திரைகளுக்குப் பக்கத்தில் மூடி போட்ட சிறு கண்ணாடிக் குடுவை இருந்தது. உள்ளே பாதாம்போல ஏதோ. மகள் அதையே பார்த்துக்கொண்டிருந்ததால் பெரியப்பா மூடியைத் திறந்து, ஒன்றை எடுத்து, "இந்தா கண்ணு, நன்றாக மென்று சாப்பிடு" என்று நீட்டினார். அவள் கையும் நீண்டது. குடுவையிலிருந்து எழுந்த அந்தக் கசப்பு பாதாம் மணம் எனக்குத் தெரிந்துவிட்டது. நான் பெரியப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். வாழ்நாளில் அவர் கையை நான் தடுத்தது அதுவே முதல் முறை. எலும்பு மட்டும்தான் இருந்தது.

அது ஆப்ரிகாட் பருப்பு. ஐரோப்பிய ஆணையம் 2016-இல் அந்த வரம்பை நிர்ணயித்ததே இதற்காகத்தான். மூன்று சிறிய பருப்புகளுக்கு மேலோ, பெரிய பருப்பில் பாதிக்கும் குறைவாகவோ தின்றாலே வளர்ந்த ஒருவர் வரம்பைத் தாண்டிவிடலாம், சின்னஞ்சிறு குழந்தைக்குச் சிறிய பருப்பு ஒன்றே போதும் என்று அது சொன்னது. அதே அறிக்கை இன்னொன்றையும் குறித்திருக்கிறது: இந்தப் பருப்பைப் பரிந்துரைப்பவர்கள் நலமாக இருப்பவர்களுக்கு நாளைக்குப் பத்தும், புற்றுநோய் உள்ளவர்களுக்கு அறுபதும் சொல்கிறார்கள். பெரியப்பா அப்போது பத்தில் இருந்தார். வாரத்துக்கு இரண்டு கூட்டச் சொல்லியிருந்தார்களாம். காலையில் தலை கனப்பதையும் நிற்கும்போது சுற்றுவதையும் சிகிச்சையின் விளைவு என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

"இதில் வைட்டமின் பி17 இருக்கிறதாம் அம்மா" என்றார். அந்தப் பெயர்தான் என்னைப் பொறுமை இழக்கச் செய்தது. வைட்டமின் என்றால் அது இல்லாவிட்டால் உடல் நோய்ப்பட வேண்டும். அமிக்டலின் கிடைக்காமல் எவருக்கும் எந்த நோயும் வந்ததில்லை. அதன் செயற்கை உறவான லேட்ரைலைப் புற்றுநோய் மருந்து என்று விற்றவர்கள் வைத்த பெயர் அது. விற்பனைக்காக வைத்த பெயர் ஒரு நோயாளியின் நாவில் மருத்துவச் சொல்லாக உட்கார்ந்துவிட்டது. 1982-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 178 நோயாளிகளுக்கு அமிக்டலின் கொடுத்துப் பார்த்தார்கள். மேயோ மருத்துவமனை முன்னின்று நடத்திய ஆய்வு. யாரும் குணமடையவில்லை, கட்டி கட்டுப்படவில்லை, ஆயுளும் கூடவில்லை. சிலருடைய இரத்தத்தில் சயனைடு ஆபத்தான அளவை நெருங்கியதுதான் கண்ட பலன். ஊசியாகப் போட்டதைவிட வாய்வழியாகச் சாப்பிட்டதே அதிகம் நஞ்சாகிறது, ஏனென்றால் பொட்டலத்தை அவிழ்க்கும் நொதி நம் குடல் நுண்ணுயிரிகளிடமும் இருக்கிறது. வறுத்துவிட்டால் போதும் என்பவர்கள் மறப்பது இதைத்தான். வறுத்தால் விதையின் நொதி சாகும், அமிக்டலின் அத்தனை எளிதில் சாகாது. உண்மையான வைட்டமின் ஒன்று இந்தக் கதையில் உண்டு. சயனைடு நஞ்சேறியவர்களுக்கு மருத்துவமனையில் ஏற்றும் ஹைட்ராக்சோகோபாலமின், வைட்டமின் பி12-இன் ஒரு வடிவம். அது சயனைடைப் பிடித்துக்கொண்டு சயனோகோபாலமினாக மாறிச் சிறுநீரில் வெளியேறிவிடும்.

இவற்றையெல்லாம் அவரிடம் சொன்னேன். இவ்வளவு வேகமாகச் சொல்லியிருக்க வேண்டாம். மகளின் ஆப்பிள் கூழைப் பற்றியும், நான் தாளில் போட்ட கணக்கைப் பற்றியும் சொன்னேன். மருத்துவரிடம் இந்தக் குடுவையைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும் என்றேன். அவர் குறுக்கே பேசவில்லை. முடித்ததும் குடுவையை மூடி என் கையில் கொடுத்தார். "எடுத்துக்கொண்டு போ. நீ பொய் சொல்ல மாட்டாய்" என்றார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "காலையில் எழுந்ததும் எனக்காக நானே செய்துகொள்கிற காரியம் இது ஒன்றுதான். மற்றதெல்லாம் மற்றவர்கள் எனக்குச் செய்வது" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. எத்தனை மில்லிகிராம் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அந்தக் குடுவை அவருக்கு மருந்தாக மட்டும் இருக்கவில்லை என்பதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. விற்றவர்களுக்கு அது தெரிந்திருந்தது.

அவருடைய மருத்துவரிடம் பெரியப்பாவே பேசினார். பருப்பை நிறுத்திய சில நாள்களில் தலைக்கனம் குறைந்தது என்றார். அடுத்த முறை போனபோது ஒரு மாதுளையை எடுத்துப் போனோம். உரிக்க நான் கை நீட்டியபோது வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, அவரே மடியில் தட்டை வைத்து மெல்ல மெல்ல உரித்தார். நேரம் பிடித்தது. மகள் பக்கத்தில் முழங்காலிட்டு, விழும் ஒவ்வொரு முத்தையும் எண்ணிக்கொண்டிருந்தாள். ஒன்றை எடுத்து வாயருகே கொண்டுபோய் நிறுத்தினாள்.

"இதைக் கடிக்கலாமா, தாத்தா?"

"கடிக்கலாம்."

"விழுங்கலாமா?"

"அதுவும்தான்" என்று சொல்லி, அவள் உள்ளங்கையில் இன்னும் நான்கு வைத்தார்.